ஆடும் பல்

நீல அட்டை லாக் புக்கில் நாற்பத்தேழு கட்டங்கள்.
முகமூடி பிடித்து மூச்சு ஊட்டல்:
ஒப்பம் ஆயிற்று.
முதுகுத்தண்டில் ஊசி: பத்தில் ஒன்பது.
'நோயாளியிடம் பேசுதல்' கட்டத்தில்
முதல் மாதமே கையெழுத்து விழுந்துவிட்டது,
எனக்கு மூன்று மொழி வரும் என்பதால்.

ஞாயிறு மாலை ஐந்தரை, ஏழாவது வார்டு.
மருதப்பன், அறுபத்தொன்று,
பட்டர்வொர்த் ஃபெரியில் இஞ்சின் பார்த்தவர்.
பித்தப்பையில் கல்.
நான் நாற்காலி இழுக்குமுன்னே
"பசியாறிட்டீங்களா டாக்டர்?"

சர்க்கரை? இல்லை.
ஆஸ்துமா? இல்லை.
கட்டுப்பல், ஆடும் பல் ஏதாவது?
இல்லைம்மா, எல்லாம் கல்லு மாதிரி.
இல்லை இல்லை இல்லை என்று
பேனா படி இறங்கி ஓடியது.
இன்னும் நான்கு கட்டில் பாக்கி.
ஜன்னலில் மழை, கொடிமலை காணவில்லை.

திங்கள், எட்டு நாற்பது.
மருந்து ஏறியது. இமை விழுந்தது.
லாரிங்கோஸ்கோப்பின் சிறு விளக்கில்
நாக்கு மட்டுமே தெரிந்தது, இளஞ்சிவப்பு மேடாக.
தூக்கினேன். இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.
எதுவோ 'டிக்' என்றது.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து.
எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை;
ஆக்சிஜன் குறையக் குறைய
அந்தக் கருவியே சுருதி இறங்கிப் பாடும்.
தொண்ணூற்றொன்றில்
என் வாய் தானாகத் திறந்தது:
"எனக்கு வரவில்லை. டாக்டர் ஊயைக் கூப்பிடுங்கள்."

பக்கத்துத் தியேட்டரிலிருந்து வந்தார்,
ஒரு கையில் மட்டும் கையுறை.
குனிந்தார். இடுக்கி கேட்டார்.
நாக்கின் ஓரத்திலிருந்து
மஞ்சள் பாய்ந்த ஒரு முன்பல்லை
அரிசியில் கல் பொறுக்குவதுபோல் எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
பிறகு குழாய், ஒரே முயற்சியில்.
சுருதி ஏறியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டார்.
சிஸ்டர் ரொஹாயா
சிறுநீர் பாட்டில் ஒன்றைத் திறந்து நீட்டினார்.
லேபிளில் பெயர், தேதி, நேரம்.
'மாதிரி வகை' என்ற இடத்தில்
என்ன எழுதுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

மாலை அந்தப் பாட்டிலோடு போனேன்.
லிஃப்டில் ஆறு மாடி,
ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம்
ஐந்தாவது மாடியில் இறங்கிப் போய்விட்டன.
"உங்க பல்லு. நான் கருவி போடும்போது விழுந்துருச்சு.
என்னை மன்னிச்சிருங்க."

பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.
கரகரத்த தொண்டை:
"இதுவா. தீபாவளி முறுக்குலேருந்தே ஆடிக்கிட்டிருந்துச்சு."
நேத்து கேட்டேனே அண்ணே.
"கேட்டீங்க. ரெண்டு தடவ தள்ளிப்போட்ட ஆப்பரேஷன்.
பல்லச் சொன்னா மூணாவது தடவையும்
தள்ளிருவீங்கன்னு…"
சிரித்தார். புதிய ஜன்னல் ஒன்று திறந்திருந்தது.
"சோறு எப்ப தருவாங்க?"

கேட்டேன்தான்.
ஆனால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.
அவர் பொய் ஒரு சொல் நீளம்,
என் அவசரம் ஒரு சொல் நீளம்.
சம்பவ அறிக்கையில்
'யாருடைய கவனக்குறைவு' என்று கேட்கவில்லை,
'எப்போது கண்டறியப்பட்டது' என்று கேட்டிருந்தது.
திங்கள், எட்டு நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.
அடித்தேன்.
ஞாயிறு, ஐந்தரை என்று எழுதினேன்.
அதையும் அடிக்கக் கை போனது. விட்டுவிட்டேன்.

லாக் புக்கில் குழாய் இடும் கட்டம்
இன்னும் காலி.
முதல் மாதத்தில் விழுந்த அந்தக் கையெழுத்தைத்தான்
பென்சிலால் லேசாக வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

செவ்வாய், பதினொன்றாம் கட்டில்.
சுவா ஆன்ட்டி, எழுபத்து நான்கு, இடுப்பெலும்பு.
பல் எல்லாம் நல்ல பல் என்கிறார்,
கேட்பதற்கு முன்பே.
டார்ச்சை எடுத்தேன்.
புக்கா மூலுட், ஆன்ட்டி.
இன்னும் பெரிசாக.
மேல்வரிசை, இடமிருந்து:
ஒன்று,
இரண்டு,
மூன்றாவதை விரலால் தொட்டு அசைக்கிறேன்.