கீழ்க் குழாய்

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும்.
சுகிர்தமலரின் எல்ஃப் லொறி
அவள் பிரேக் மிதிக்க முதலே நின்றது,
மூக்கால் ஆவி விட்டபடி.
கற்பூரப் புகை என்று நினைத்து
யாரோ ஒருவர் கும்பிட்டாராம்.
இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.
அதனால் நானும் சிரிக்கவில்லை.

றேடியேற்றர் புதிது. வாட்டர் பம்ப் புதிது.
தேமஸ்டற், மூடி, மேல் குழாய், கீழ்க் குழாய்,
ஒவ்வொன்றும் என் கையால் மாட்டியது.
முற்றத்தில் அரை மணித்தியாலம் ஓடவிட்டேன்.
மீட்டர் முள்ளு
புல் மேய்ந்த மாடு மாதிரி நடுவில் படுத்துக் கிடந்தது.

"இஞ்சை சூடேறேல்லை."
"இஞ்சை ஆர் நெல்லு ஏத்தினது?"

முதல் தடவை காற்று அடைத்திருக்கு என்றேன்.
முன் சில்லை மேட்டில் ஏற்றி
குமிழி வந்து முடியும்வரை பார்த்திருந்தேன்.
அடுத்த தடவை, மீட்டர் பொய் சொல்லுது என்றேன்.
மீட்டர் பொய் சொல்லவில்லை.
மூன்றாம் தடவை
வேறு ஒன்றும் வாயில் வராமல்
"தலையைக் கழட்டோணும்" என்றேன்.
"ஆற்றை தலையை?"

மல்லாவியில் அறுவடை.
பரந்தன் மில்லில் வரிசை.
வயலில் இன்னும் எண்பது மூடை,
வானத்தில் மாசி மாதத்துக்கு ஆகாத ஒரு கறுப்பு.
அவள் இருக்கைக்குக் கீழிருந்து
மகளின் சமயக் கொப்பியை எடுத்தாள்.
பின் தாள்களில் பென்சிலால்:

பனிக்கன்குளம். முப்பது. முள்ளு நடு.
கொக்காவில். ஐம்பது. முள்ளு மேலை.
முறிகண்டி. நிண்டது. பத்து நிமிசத்தில் இறங்கீட்டுது.

இந்தக் கொப்பியை
முதல் தடவையே நீட்டியவள்தான்.
கையெல்லாம் எண்ணெய், பிறகு பார்க்கிறேன் என்றிருந்தேன்.

ஓட ஓடக் காற்றுப் பட்டுக் குளிர வேண்டிய சாமான்
ஓட ஓடக் கொதிக்கிறது.
நின்றால் ஆறுகிறது.

"ஏறி மிதியுங்கோ. நல்லா மிதியுங்கோ."
நான் டோர்ச்சோடு கீழே குந்தினேன்.
இஞ்சின் முனகியது, உறுமியது, அலறியது.
அப்போதுதான் கீழ்க் குழாய்
சோடா முடிந்த பிறகும் உறிஞ்சுகிற ஸ்ட்ரோ மாதிரி
இரண்டு கன்னமும் ஒட்டி
தட்டையாய்ப் போனது.
காலை எடுத்தாள். குழாய் பொம்மென்று நிமிர்ந்தது,
ஒன்றும் அறியாத பிள்ளை.
மிதித்தாள். ஒட்டியது.
இன்னொருக்கால் என்றேன். இன்னொருக்கால்.
போதுமான அளவு கண்ட பிறகும்
எழும்ப மனமில்லாமல் அங்கேயே இருந்தேன்.

ஏனென்றால்
பழைய குழாய்க்குள் ஒரு சுருள் கம்பி இருந்தது.
துரு நிறம், ஒரு முழ நீளம்.
பம்ப் உறிஞ்சும்போது குழாய் ஒட்டாமல்
உள்ளேயிருந்து தாங்கிப் பிடிக்கிற வேலை அதற்கு.
நான் அதை உருவி
குவியலில் எறிந்தேன்.
பழைய இரும்பு இந்தப் பக்கம் கன நாள் கிடவாது.
செவ்வாய்க்கிழமை தராசோடு ஒருவன் வந்தான்,
நிறுத்தான், போனான்.

யானை வேலிக்குக் கட்டி மிஞ்சிய கம்பி
ஒரு வளையம் ஆணியில் தொங்கியது.
அரையங்குலக் குழாயில் அதைச் சுற்றினேன்.
முதல் சுருள் சிறுத்துப் போனது.
அடுத்தது தெறித்து முழங்கையைக் கிழித்தது.
மூன்றாவது உள்ளே போய் இருந்துகொண்டது.
மிதித்தாள். குழாய் அசையவில்லை.

கொப்பியைத் திறந்து பென்சிலை நாக்கில் தொட்டாள்.
"என்னெண்டு எழுத?"
"ஸ்பிறிங்."
"முதல் இருந்ததோ?"
"இருந்தது."
"எங்கை போனது?"

இஞ்சின் சத்தம் காணாது, என்னை மறைக்க.
பில்லை எழுதிக்கொண்டிருந்த கையை
எழுதுவது போலவே வைத்திருந்தேன்.

அவள் ஸ்டியரிங்கில் ஏறி, கதவை அடித்துச் சாத்தி,
கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்:
"முறிகண்டியில் மூண்டு தேங்காய் உடைச்சனான், உன்ரை வேலைக்கு.
அந்தக் காசைக் கழிச்சுப்போட்டு எழுது."

தேங்காய் என்ன விலை என்று
நான் கேட்கவில்லை.