பழைய சாமான்

நோர்வூட் பெற்றோல் செட்டுக்குப் பின்னால்
லோரன்ஸ் பாஸின் கராஜ்.
மூன்றாம் நாள் வண்டியை எடுக்கப் போனேன்.
பில்லில் நீலப் பேனா, குண்டு குண்டாய் எழுத்து:
கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பெயாரிங்,
பின்பக்க பிரேக் ஷூ ஒரு செட்,
கழற்றிப் பூட்டிய கூலி,
அடியில் ‘சில்லறைச் சாமான்’ என்று ஒரு இரண்டாயிரம்.
ஆக அறுபத்து நாலாயிரத்து எழுநூற்றைம்பது.
கூட்டல் சரி.
கூட்டலில் நான் பிழை விடுவதில்லை,
சம்பளம் வாங்குவதே அதற்குத்தான்.

“பழைய சாமானக் காட்டுங்க பாஸ்.”
முகம் கோணவில்லை அவருக்கு.
உரச் சாக்கு ஒன்றை இழுத்து வந்து
சிமெந்துத் தரையில் கவிழ்த்தார்.
கறுத்த தட்டுகள் நாலைந்து உருண்டு
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.
செருப்பு நுனியால் ஒன்றை ஒதுக்கி
“இதாங்க ஒங்களோடது.”

எட்டு வருஷம் என் காலுக்கடியில் சுழன்றது.
ஒரு நாள் அதன் முகம் பார்த்ததில்லை.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி
ஆளத் தெரியுதா என்று கேட்டதுபோல்
குனிந்து நின்றேன்.
ஆமா என்றேன்.
எதைக் கண்டு ஆமா என்றேன்?

அன்றிலிருந்து வளைவுக்கு வளைவு
பில்லை வாசித்தபடி ஓட்டுகிறேன்.
வனராஜா ஏற்றத்தில் கருகல் மணம்:
என்னுடையதா, முன்னால் போகும் லொறியுடையதா?
பிரேக் மிதித்தால் கீச்சிடுகிறது.
புதுசுன்னா அப்படித்தான், என்கிறான் மச்சான்.
பழசுன்னா அப்படித்தான், என்கிறார் தபால்காரர்.
ஹட்டனில் வேறொரு பாஸிடம் காட்டினேன்.
பொனட்டைத் தூக்கினார், உச்சுக் கொட்டினார்,
“யாரு சார் இந்த வேல பாத்தது?”
மாத்தியிருக்கா இல்லியா, அதச் சொல்லுங்க.
“தெறந்தாத்தானே தெரியும்.
தெறக்க பன்னெண்டாயிரம்.”

படுக்கையில் புரண்டு புரண்டு
லோரன்ஸை நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன்.
பதில் சொல்ல முடியாமல் அவர் திணறினார்.
விடிந்தால்
கராஜைக் கடக்கும்போது கையசைக்கிறார்,
நானும் அசைக்கிறேன்.

நேற்று ஏழாம் நம்பர் மலையில் அந்திக் கொழுந்து.
காலையிலிருந்தே நல்ல வெயில்.
மடுவத்தில் வரிசை,
வரிசையில் ரொசலின்,
லோரன்ஸ் பாஸின் கூடப்பிறந்தவள்.
சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.
தராசு பத்தொன்பது.
பதினேழு எழுதினேன்.
சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு ஒன்று.
மழை நாளில் தண்ணிக்கு.
வெயில் நாளிலும் தண்ணிக்குத்தான்.
நான் கண்டுபிடித்ததில்லை இது.
எனக்கு முன்பிருந்தவர் எழுதினார்,
துரை எழுதச் சொன்னார்,
கை எழுதுகிறது.

அவள் தராசைப் பார்த்தாள். அது ஆடி அடங்கியிருந்தது.
பேனாவைப் பார்த்தாள்.
கொட்டிய சாக்கின் முன்னால்
நான் குனிந்து நின்றது அப்படித்தான் இருந்திருக்கும்.

“சரியா ரொசலின்?”
இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை.
பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.
“நீங்க எழுதினா சரிதானுங்களே” என்றாள்,
படங்கை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு
இறங்கிப் போனாள்.
அண்ணன் வீட்டைத் தாண்டித்தான்
அவளுடைய லயத்துக்குப் போக வேண்டும்.

பதினேழைத் திருத்தவில்லை.
திருத்தினால் ஐம்பத்து நாலு பேருக்கும் திருத்த வேண்டும்,
நேற்றைக்கு, அதற்கு முந்தின நாளுக்கு.

இருட்டில் வண்டியை எடுத்தேன்.
நாளுக்கு இரண்டு கிலோ,
மாதத்துக்கு இருபத்திரண்டு நாள் என்று வைத்தால்,
வருஷத்துக்கு...
கூட்டலில் நான் பிழை விடுவதில்லை.
அதற்குள் வனராஜா ஏற்றம் வந்துவிட்டது.
கியர் மாற்ற வேண்டியிருந்தது.
முன்னால் லொறி எதுவும் இல்லை.
அந்த மணம் வந்தது.
கண்ணாடியை இறக்கிவிட்டேன்.