ஆம் என்று தட்டும் முன்

இரவு ஒன்று நாற்பது.
இருதயராசா, வயது ஐம்பத்திரண்டு, திருக்கடலூர்.
வள்ளத்து எஞ்சினின் கைபிடி நெற்றிப்பொட்டில் அடித்திருக்கிறது.
அவருடைய மண்டையோடு இப்போது
நானூற்றுப் பன்னிரண்டு படங்களாக என் கணினியில்.
மட்டக்களப்பில் ஒரு வைத்தியர் விழித்திருக்கிறார்.

அனுப்பினால் போகவில்லை.
திரையில் எச்சரிக்கை:
மறுமுனையின் கைரேகை மாறிவிட்டது.
நடுவில் யாரோ இருக்கக்கூடும்.
தொடரவா?

அதே பெயர். அதே முகவரி.
அதே இருபத்திரண்டாம் கதவு.
பூட்டு மட்டும் வேறு.

அடையாள அட்டையைப் பார்த்து
முகத்தைப் பார்த்து
மறுபடி அட்டையைப் பார்ப்பவர்களை
இந்த ஊரில் எனக்குப் பிடித்ததே இல்லை.
இன்று அந்த நாற்காலியில் நான்.

நுஸ்கியை அழைத்தேன். தடிமன் பிடித்த குரல்.
"சேர்வர் மாத்தினது பின்னேரம். சொல்ல மறந்திட்டன்.
ஓம் குடுங்க."
குடுக்கலாம்.
ஆனால் குரலும் கம்பிவழி வந்ததுதானே.
"பயிற்சிக்கு வந்த அண்டைக்கு, உட்துறைமுக வீதியில்
டீக்கு ஆர் காசு குடுத்தது?"
சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு.
"நீங்கதான். மிச்சம் இருபது ரூபா இன்னும் என்னட்ட."

பிறகு எழுத்தெழுத்தாக வாசித்தோம்.
பெரிய கே. சின்ன கியூ. ஏழு. சாய்கோடு.
சைபரா, ஓ-வா என்று ஓரிடத்தில் தடுமாறி
நாற்பத்து மூன்றும் பொருந்தின.

ஆம்.

முன்பிருந்த முறையில்
கடவுச்சொல் தபாலட்டையில் எழுதியதுபோல் போகும்.
வழியில் நிற்பவனெல்லாம் வாசிப்பான்.
இப்போது எலும்பு உப்பாகக் கரைந்து இறங்குகிறது,
அந்தக் கரையில் மட்டும் மறுபடி எலும்பாகும்.
என் சாவி இந்த அறையை விட்டுப் போவதில்லை.
சாவி என்னிடம் உண்டு என்ற அத்தாட்சிதான் போகிறது.

அறுபத்தொரு வீதத்தில் கரண்ட் நின்றது.
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை இருட்டு.
கதவோரம் அவர் மனைவி மெற்றில்டா:
"எல்லாம் திரும்ப முதல்ல இருந்தோ?"
இல்லை அக்கா, விட்ட இடத்திலிருந்து.

இரண்டு மணி ஒன்பது நிமிடம்.
இரு கரையிலும் ஒரே கூட்டுத்தொகை.
ஒரு புள்ளிகூடச் சிந்தவில்லை.
அந்தப் புள்ளிகளில் ரத்தம் கசிகிறதா என்று
எந்தக் கூட்டுத்தொகையும் சொல்லாது.

வாசலில் மான் ஒன்று
லன்ச்சீற்றை இழுத்து மெல்லுகிறது.
நான் நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்து
"போய்ச் சேர்ந்திட்டுது" என்றேன்.

மெற்றில்டாவின் கை சுவரைத் தேடியது.

"படம் அக்கா,
படங்கள்."