துணைக்கால்

பழங்காநத்தம் ரவுண்டானாவில்
பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டு
இன்றோடு நூற்றுப் பன்னிரண்டு நாள்.
நான் எண்ணவில்லை.
பரோட்டாக் கடை இஸ்மாயில்
சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறார்.
ஐந்தைந்தாகக் கட்டிய சுள்ளி மாதிரி
இருபத்திரண்டு கட்டு,
உதிரியாக இரண்டு.
"கவுன்சிலரம்மா, நீங்களே பாத்துக்கங்க."

மாடக்குளம் போகிறவன்
பசுமலை வரை போய்த் திரும்பி வருகிறான்.
ஷேர் ஆட்டோக்காரர் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு
"இங்கிட்டு நடந்து வாங்க, நான் அங்கிட்டு வர்றேன்" என்கிறார்.
நடுத்திட்டில் அரளி மட்டும்
புழுதிக்குள் சிவப்பாகப் பூத்துக் கிடக்கிறது.
அதற்கு எந்தப் பக்கமும் போகவேண்டியதில்லை.

நான் தையல்காரி.
ஜெயித்த பிறகும்
நாளைக்கு மூன்று ரவிக்கை தைத்தால்தான் ஆகும்.
கழுத்தில் கிடந்த டேப்போடுதான் குழிக்குப் போனேன்.
அறுபது அங்குல டேப்.
உள்ளே விட்டேன்.
நாற்பத்தொன்றில் தரை தட்டியது.
அளவுப் புத்தகத்தில் ஐந்தடி,
கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து.

உதவிப் பொறியாளர் முருகபூபதி சொன்னார்:
"மழையில மண்ணு சரிஞ்சு மேடாகியிருக்கும் மேடம்."
மழை எப்போது பெய்தது என்றேன்.
அவர் வானத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
குழிக்குள் நின்ற ஜார்க்கண்ட் பையனும்
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு
எங்களோடு சேர்ந்து பார்த்தான்.

மாமன்றத்தில் மைக் என்னிடம் வரும்போது
மணி ஒன்று. வடை வந்துவிட்டது.
பத்தொன்பது அங்குலம் எங்கே என்று கேட்டேன்.
"ஜாக்கெட்டுலயா அக்கா?" என்றது பின்வரிசை.
சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.
ஜாக்கெட்டில் அரை அங்குலம் குறைந்தால்
துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.
இதற்கு யார் வாசலுக்குப் போவது, சொல்லுங்கள்.
குறிப்பேட்டில் ஏறவில்லை.

இன்னொன்றும் கேட்டேன்:
அங்கே மஞ்சள் பலகையில்
'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று இருக்கிறது.
வருந்துகிறவர்கள் யார் யார்?
பெயர்ப் பட்டியல் வேண்டும்.
நகரப் பொறியாளர் தண்ணீர் குடித்தார்.
ஒப்பந்ததாரர்தான் வருந்தவேண்டும் என்றார்.
ஒப்பந்ததாரரோ, அது போர்டு எழுதுகிறவன்
எல்லாப் பலகையிலும் போடுகிறது என்றார்.
பொருள் எண் நாற்பத்தேழு,
அடுத்த கூட்டத்துக்கு.

அன்று ராத்திரி
இஸ்மாயில் கல்லைக் கழுவுகிற நேரம்
மஞ்சள் ஒரு டப்பா, கறுப்பு ஒரு டப்பா,
ஒரு பிரஷ்ஷோடு போனேன்.
பலகை கைக்கு எட்டியது,
அதைத் தாங்கிய கம்பு எப்போதோ சரிந்துவிட்டது.
'றோம்' என்பதில்
பின்னால் நின்ற காலை அழித்தேன்.
'ம்' போய் 'ன்' வருவதற்குக்
கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது.
வருந்துகிறேன்.
கீழே ஞானசௌந்தரி,
என் வார்டு,
என் செல்போனின் பத்து இலக்கம்.
ஏழாவது இலக்கத்தில் கை நடுங்கி மை வழிந்தது.

"நோண்டிப் போட்டது நீங்களாம்மா?"
"இல்ல."
"பெறகு எதுக்கு?"
டப்பாவை மூடினேன்.
மூடி சரியாக உட்காரவில்லை.

காலை ஐந்து நாற்பதுக்கு முதல் அழைப்பு.
பால்காரர்.
சக்கரம் இறங்கி, கேன் சாய்ந்து,
இருபது லிட்டர்.
என் பெயரைச் சொல்லி,
என் ஏழு தலைமுறையைச் சொல்லித் திட்டினார்.
மூச்சு வாங்குவதற்கு அவர் நிறுத்தியபோது
அளவு நோட்டைத் திறந்து
தோள், கை, இடுப்பு என்று அச்சடித்த கட்டங்களின் மேலேயே
தேதி போட்டு எழுதினேன்.

"இருபதா, இருபத்தஞ்சாண்ணே?
சரியாச் சொல்லுங்க."