நான்காவது தந்தி

மிண்டெலோ துறைமுகப் பள்ளியில்
கணக்கெழுதுவது என் வேலை.
போன டிசம்பரில்
சிவப்புக் கோடு போட்டு அடித்தவன் நான்தான்:
‘கவாக்கின்யோ தந்தி, முப்பது. அவசியமில்லை.’
கூரைக்குத் தகரம் வேண்டியிருந்தது.
அது பொய்யில்லை.

சகாராப் புழுதி சன்னலை மூடிய வியாழக்கிழமை
ஒரு ரசீதைத் தேடி ஏழாம் அறைக்குப் போனேன்.
பன்னிரண்டு வாத்தியங்கள்.
எதிலும் மூன்று தந்திக்கு மேல் இல்லை.
அறுந்த தந்தியின் முறை வரும்போதெல்லாம்
விரல் வெறும் மரத்தைத் தொட,
அந்தச் சுரத்தை வாய் பாடியது.
இவாந்த்ரா கொஞ்சம் ஏற்றி,
பல் விழுந்த நெலீத்து பாதிக் காற்றோடு,
துல்சிதியோ எப்போதும்போல் அரை நொடி பிந்தி.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம்.
ஆசிரியை தோளைக் குலுக்கினாள்:
“நிறுத்தச் சொல்லிக்கூடப் பார்த்தேன்.”

பேரேட்டைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
பன்னிரண்டு தந்திகள்
பள்ளிக்குள் வந்திருக்கின்றன, பில் இல்லாமல்.
வரவில் எழுதுவதா?
எந்தக் கடையிலிருந்து என்று?

மறுநாளே தந்தி வாங்கிக் கொடுத்தேன்
என்று முடித்தால் நன்றாயிருக்கும்.
மார்ச் வரை பணமில்லை.

வியாழன்தோறும், பதினோரு மணிக்கு,
ஏழாம் அறையில்
எனக்கு ஒரு ரசீது தொலைந்துபோகிறது.