வடமேற்குச் சூரியன்

உட்துறைமுக வீதியில், ஒரு பாமசிக்கு மேல்மாடி.
மூன்று கணினி, ஒரு மின்விசிறி,
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் றிஸ்மியா,
நான்.
சம்பளம், மேட்டுக்கு இவ்வளவு என்று.

மேடுகள் அயர்லாந்தில் இருக்கின்றன.
பனிக்கட்டி ஊர்ந்துபோன வழியில்
கவிழ்த்துவைத்த அகப்பைகள்போல் ஆயிரமாயிரம்.
கொழுத்த முனை, பனி வந்த திசை.
மெலிந்த முனை, அது போன திசை.
விண்ணிலிருந்து ரேடார் அளந்த உயரங்களுக்குள்
ஒவ்வொன்றாகத் தேடி
ஓரம் கீறி, மூடி, எண் கொடுக்க வேண்டும்.

பனியைப் பற்றி எனக்குத் தெரிந்தது
மார்கழி விடியலில் தலையை மூடு என்பது மட்டும்.
போனில் பனி என்று தட்டினால்
பனை என்று விழுகிறது.
கன்னியாவில் தண்ணீரே சூடாக ஊறும் ஊர்,
போனைக் குறைசொல்ல முடியாது.
'ஐஸ்பெட்டிக்குள்ள கைய விட்டுப் பாருங்க,
அதுதான் அயர்லாந்து' என்கிறாள் றிஸ்மியா.

வெறும் எண்ணில் மேடு தெரியாது.
நிழல் வேண்டும்.
நிழலுக்கு ஒரு சூரியனை மென்பொருளே வைத்துத் தருகிறது,
முந்நூற்றுப் பதினைந்து பாகையில், வடமேற்கில்.
எல்லாருக்கும் சூரியன் கடலில் எழும் ஊரில்
என்னுடையது நிலாவெளிப் பக்கம்
ஆணியடித்ததுபோல் நிற்கிறது, எட்டு மணிநேரமும்.
ஒருமுறை அதைத் தென்கிழக்கில் இறக்கிப் பார்த்தேன்.
மேடெல்லாம் குழியாயின.
எண் ஒன்றுகூட மாறவில்லை.

வைகாசியில் முந்நூற்றுப் பன்னிரண்டு அனுப்பினோம்.
ஈமர் எழுதினாள்:
பாதிதான் வந்திருக்கிறது,
வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடப்பவை எங்கே?
வெளிச்சம் போகும் வாக்கிலேயே படுத்திருக்கும் மேட்டுக்கு
நிழல் விழாது.
இன்னொரு சூரியனைப் போடுங்கள்.

போட்டோம், வடகிழக்கில்.
சமவெளி என்று நாங்கள் விட்டுப்போன இடமெல்லாம்
மந்தை மந்தையாக எழும்பின.
றிஸ்மியா வாயில் கைவைத்தாள்.
அங்கேயேதான் கிடந்திருக்கின்றன.

கரண்ட் போன ஒரு பின்னேரம்,
விசிறி நின்று, கணினி மட்டும் பற்றரியில் ஓடும் பத்து நிமிடத்தில்
எங்கள் ஊரைத் திறந்தேன்.
அதே ரேடார், அதே பதினொரு நாள்,
இரண்டாயிரமாம் ஆண்டு பெப்ரவரி.
துறைமுகம் முழுவதும் ஒரே எண், பூச்சியம்.
போர்க்கப்பல்கள் வந்து ஒதுங்கிய அத்தனை ஆழத்துக்கும்
ஒரு பூச்சியம்.
பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை இரண்டே சதுரம்.
உயரம் பதினொன்று, பதினொன்று.

அந்த பெப்ரவரியில் எங்கள் வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை.
எனக்கு ஆறு வயது. பாடசாலை மண்டபத்தில் படுத்தோம்.
பதினொன்று என்பது அப்போது எதனுடைய உயரம்?
ரேடார் மரத்தின் தலையைத் தொட்டுவிட்டு
நிலம் என்று எழுதும்.
பின்வளவில் பனைகள் நின்றன,
பிறகு பங்கருக்குப் போயின.
எண்ணுக்குள் அவை இன்னும் நிற்கலாம்.
நிற்காமலும் இருக்கலாம்,
ஐந்தாறு மீற்றர் கூடக்குறைய என்று
அடிக்குறிப்பில் போட்டிருக்கிறது.
ஐந்தாறு மீற்றருக்குள்
ஒரு வீடு, சமையலறையோடு, தாராளமாக அடங்கும்.

சூரியனைச் சுற்றினேன்.
வடகிழக்கு. கிழக்கு. தெற்கு.
ஒழுங்கையில் நிழலே விழவில்லை.
இரண்டு சதுரமும் ஒரே உயரம் என்றால் விழாது,
எனக்கே தெரியும்,
இருந்தும் இன்னொரு சுற்று சுற்றினேன்.

பற்றரி கத்தத் தொடங்கியது.
'சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க.'
கீழே பாமசி வாசலில் ஒரு புள்ளிமான்
மருந்துப்பெட்டி மட்டையை மென்றுகொண்டிருந்தது.

வியாழன் ஈமரின் கடிதம்:
எல்லாம் சரி, நன்றி.
அறுநூற்று நான்காம் மேடு மட்டும்
எட்டரைப் பாகை வடக்கில் கிடக்கிறது,
மிகச் சிறியது, எந்தத் திசைக்கும் நீளவில்லை.
கை தவறியிருக்கும். நீக்கிவிடவா?

பழக்கத்தில் ஓரம் கீறி, மூடி,
எண்ணும் கொடுத்திருக்கிறேன்.

வேண்டாம் என்று எழுதினேன்.
அழித்து, நீக்குங்கள் என்று எழுதினேன்.
றிஸ்மியாவின் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.
இன்னும் அனுப்பவில்லை.