கால் சுற்று

மூடிப்போன கார்ட் மைதானத்திலிருந்து
எடைக்குத்தான் எடுத்து வந்தேன்.
இன்ஜினுக்கு மட்டும் தனி விலை.
குட்டி யானையில் ஏற்றும்போது டிரைவர் கேட்டார்:
"மேடம், இது கட்டிலா?"
இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
கயிறு அறுந்த கட்டிலுக்கு
யாரோ சக்கரம் வைத்தது போலத்தான் கிடந்தது.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டோடு வந்த பார்க்கிங்
ஒரு காருக்கானது. கார் இல்லை.
செயலாளர் இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார்.
வண்டி என்றால் நம்பர் பிளேட் வேண்டுமாம்,
குப்பை என்றால் வியாழக்கிழமை எடுப்பார்களாம்.
அவர் லிஃப்டுக்குள் போவதற்குள்
எபி செருப்புப் பெட்டியைக் கிழித்து
7 என்று எழுதி முன்னால் கட்டிவிட்டான்.

போல்ட்டுகளுக்கு ஓர் இட்லித் தட்டு போனது.
எட்டு, பத்து, பன்னிரண்டு என்று குழிக்கோர் அளவு,
நாலாவது குழியில் எதிலும் சேராதவை.
அன்றிலிருந்து எங்கள் வீட்டில்
ஓர் ஈடுக்குப் பன்னிரண்டு இட்லிதான்.

சிவப்பைச் சுரண்டினால் நீலம்.
நீலத்தைச் சுரண்டினால் மஞ்சள்.
மஞ்சளுக்குக் கீழே துரு.
"துருவுக்குக் கீழே?" என்றான் எபி.
"இரும்பு இருந்தால் வண்டி," என்றாள் ரோசலின்.
பதின்மூன்று வயதில் அவளுக்கு
எல்லாமே இருந்தால்தான்.

சீட்டுக்கு அடியில் கல்லாய் இறுகிய சூயிங்கம்.
வளைவு வருமுன் யார் யாரோ
துப்ப இடமில்லாமல் ஒட்டிய பயங்கள்.
எபி எண்ணினான். பதினொன்று.

கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகியிருந்தது.
சர்ச் கிட்டாரில் அறுந்த மெல்லிய கம்பியால்
ரோசலின் துளையைக் குத்தினாள்,
டார்ச்சை நோக்கித் தூக்கிப் பார்த்தாள்,
மறுபடி குத்தினாள்.
பீன்யாவில் பதினாறு வருடமாக
வால்வு சோதிக்கிறவள் நான்.
நூல் பிசகினாலும் சிவப்பு டேக்.
அவள் கையை அன்று
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

கயிற்றை நான் முப்பது தடவை இழுத்தேன்.
அவள் இருபது.
ஒரு தும்மல்கூட இல்லை.
"ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கே," என்றான் எபி.

அப்புறம் பேஸ்மென்ட் முழுக்க நீலப் புகை,
இரண்டாம் மாடியில் குழந்தை அழுகை,
எல்லா மாடியிலும் செயலாளர்.

சனிக்கிழமை இரவு தூக்கம் வரவில்லை.
பிள்ளைகள் புரண்டு படுத்ததும்
ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கிப் போனேன்.
வேகத்தைக் கட்டுகிற திருகு ஒன்றுண்டு.
கால் சுற்று. அவ்வளவுதான்.
மேலே வந்து கை கழுவினேன்,
ரொம்ப நேரம் கழுவினேன்.

கொத்தனூர் தாண்டி,
தார் விழுந்தும் வீடு முளைக்காத ஒரு லேஅவுட்.
விடிகாலை, தூறல் நின்ற நேரம்.
ரோசலின் ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள்.
ஓடியது! "சக்கத்!" என்று எபி கத்தினான்.
எங்கிருந்தோ வந்த செவலை நாய் ஒன்று
கூடவே ஓடி,
முந்தி,
திரும்பிப் பார்த்து,
சலித்துப்போய் நடுரோட்டில் உட்கார்ந்தது.

திரும்பி வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
குனிந்து இன்ஜினைப் பார்த்தாள்.
இறுக்கிய திருகின் தலையிலிருந்து
பக்கத்து உலோகம் வரைக்கும்
கம்பெனியில் நாங்கள் இழுப்போமே ஒரு கோடு,
யாராவது தொட்டால் காட்டிக்கொடுக்க.
எப்போது இழுத்தாள் என்று தெரியாது.
ஊதா நிற நகப்பூச்சு.
இரண்டாக முறிந்து
ஒரு பாதி அவளைப் பார்த்துக் கிடந்தது,
மறு பாதி என்னை.

"அம்மா," என்றாள். "ரிஜெக்ட்."
கண்ணாடிக்குள் முகம் தெரியவில்லை.
கையை மட்டும் நீட்டினாள்,
அதில் ஸ்க்ரூ டிரைவர்,
பிடி என் பக்கம்.

ஈரத் தாரில் முழங்காலிட்டேன்.
ஊதாவை ஊதாவோடு சேர்த்தேன்.

நாய் எழுந்து நின்றது.